முயல் கடிக்கும் மரத்துக்கு எதைப் பூசுவது

என் கணவருக்கு மூச்சிரைப்பு. இனி வீட்டுக்குள் முயல் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு வருஷமாக எங்களோடு சோபாவில் ஏறி உட்கார்ந்த முயல். யாருக்காவது கொடுத்துவிடு என்றார்கள் தெரிந்தவர்கள், ஏதோ பழைய மிக்ஸியைச் சொல்வதுபோல. எனக்கு மனசு வரவில்லை. பேக்கிங் பெட்டி மரத்தில் ஒரு கூண்டு செய்யத் தச்சரிடம் சொல்லி, அதை மொட்டை மாடியில் வைத்தேன்.

எதுவும் பூசாத மரம் சென்னை மழையில் ஊறி உப்பிவிடும். பூசலாம் என்றால், முயல் மரத்தைக் கடிக்காமல் இருக்காது. அதன் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், கடித்துத்தான் தேய்க்கும். ஆக, நான் எதைப் பூசினாலும் அது முயலின் வயிற்றுக்குள் போகும்.

தி.நகரில் ஒரு பெயின்ட் கடைக்குப் போனேன்.

"வார்னிஷ் அடிங்க மேடம், கண்ணாடி மாரி பளபளன்னு கீதுன்னுவாங்க."

"முயல் கடிக்குமே?"

"இன்னாது, முயலா?" அவர் பக்கத்திலிருந்தவரிடம் அதைச் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். நான் எதுவும் வாங்காமல் வெளியே வந்தேன்.

எதிர் வீட்டு மாமி, "நல்லெண்ணெய் தடவுங்கோ, வாய்ல போனாலும் ஒண்ணும் பண்ணாது" என்றாள். சரியாகத்தான் பட்டது. தடவினேன். மறுநாள் காலை கூண்டு முழுக்க எறும்பு. முயல் மூலையில் ஒண்டி, கால்களை மாற்றி மாற்றி உதறிக்கொண்டிருந்தது. அதன் காதுக்குள்ளிருந்து எறும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். எண்ணெய் இருந்தால் எறும்பு வரும் என்று மாமிக்கும் தோன்றவில்லை, தினமும் சமைக்கிற எனக்கும் தோன்றவில்லை.

கூண்டை சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்தேன். அடையாறில் கால்நடை டாக்டரைக் கேட்டேன். "குழந்தைங்க பொம்மைக்கு அடிக்கிற வாட்டர் பேஸ் பெயின்ட் கிடைக்கும். மழை வெயில் தாங்குறதா பார்த்து வாங்குங்க. வெளிப்பக்கம் மட்டும் அடிங்க. நல்லா காஞ்சு, வாசனை துளிகூட இல்லாம போனப்புறம்தான் முயலை விடணும்" என்றார்.

கடை கடையாக ஏறி இறங்கி அதை வாங்கி வந்தேன். மத்தியானம் முயலை மொட்டை மாடியில் ஓடவிட்டு அடித்தேன். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கூண்டை மாடிப்படி முகப்புக்கு இழுத்துப் போட்டுத் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுவென்று ஒட்டியது. வாசனையும் போகவில்லை.

முயலை முந்தானையில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்தேன். மேலே போனால் இதற்கு ஆபத்து, உள்ளே போனால் அவருக்கு. யாரிடமாவது கத்தவேண்டும்போல் இருந்தது. யார் மேல் தப்பு என்று கத்துவது?

கதவைத் திறந்து அவர் எட்டிப் பார்த்தார். "உள்ள கொண்டா."

"டாக்டர் சொன்னது ஞாபகம் இல்லையா?"

"எனக்கு இன்ஹேலர் இருக்கு. அதுக்கு என்ன இருக்கு?"

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு இருமினார். நான் படியை விட்டு எழுந்திருக்கவில்லை.