டொம்மை

என் மகளின் பள்ளி வேனை ஓட்டுபவர் நரைத்த மீசைக்காரர். காக்கிச் சட்டையின் மேல் பட்டனைக்கூட விடாமல் மாட்டியிருப்பார். அஸ்தினாபுரத்தில் ஏறும் ஒவ்வொரு பிள்ளையிடமும், "ஜிலோவா, டொம்மையா?" என்று கேட்பார். எல்லாம் அவரே உண்டாக்கிய சொற்கள். ஜிலோ என்றால் சந்தோஷம் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

போன மாதம் அவள் பள்ளியில் மயங்கி விழுந்தாள். பல நாளாக மதியச் சாப்பாட்டைத் தொடவில்லையாம். அந்தப் பதற்றம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. "ஏம்மா? யார் என்ன சொன்னாங்க? ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

வேன்காரர் வந்து கட்டிலருகே நின்றார்.

"டொம்மை எப்பலேர்ந்து கண்ணு? எங்கிட்ட ரெண்டு நாளாத்தான சொன்னே?"

"மூணு வாரமா, அண்ணா" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

வராந்தாவில் அவரை நிறுத்தி, அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

"அழுகை வரும் சார், ஏன்னு சொல்ல வராது. அதுக்கு வச்ச பேரு. அதச் சொன்னா நான் ஏன்னு கேக்க மாட்டேன். வேன்ல அதான் ரூலு."

நேற்று காலை அவளுக்குத் தலை பின்னும்போது, முடிந்தவரை சாதாரணமாக, "டொம்மையாம்மா?" என்றேன்.

"அது வேன்லதாம்ப்பா" என்றாள்.

வேனில் ஏறும்போது அவர் கேட்டார். அவள் ஒரே சொல்லில் பதில் சொன்னாள். எந்தச் சொல் என்று எனக்குக் கேட்கவில்லை. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் வரை வேனுக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனேன்.