வரிசையில் கடைசியாக வந்த மரகதம் அக்கா

சென்ற புதன்கிழமை முற்பகல், மலாக்காவின் உம்பாயில் ஒரு மீன் கடையின் முன் நின்று, கெம்போங் மீனின் கண் சிவந்திருக்கிறது என்று கடைக்காரரோடு உலகப் போர் நடத்திக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. மரகதம் அக்காவின் மகன் குமரன்.

"மாமா, அம்மா போயிட்டாங்க."

நான் பேசத் தொடங்கினால் கேட்பவருக்கு ஒரு வயது கூடிவிடும் என்று எங்கள் பாயா ரும்புட் வட்டாரத்தில் எனக்குப் பெயர் உண்டு. அன்று என் வாயிலிருந்து "ம்" என்ற ஒலி மட்டுமே வந்தது. மீனை வாங்காமலேயே வீடு திரும்பினேன்.

அக்காவின் பதினாறாம் நாள் பூசைக்கு அச்சிடும் நினைவு மலரில் எழுதும்படி குமரன் கேட்டுக்கொண்டார். அக்காவை அறிந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அது பின்னால் வரும்.

ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர் அக்கா. ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது பாயா ரும்புட்டுக்குக் குடிவந்து, பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமைத்தார். அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்தது. தினமும் நடக்கச் சொன்னார் மருத்துவர். வேறொருவராக இருந்தால் வீட்டைச் சுற்றி நாலு சுற்று நடந்திருப்பார். அக்கா எங்கள் குடியிருப்பில் சர்க்கரையும் கொழுப்பும் சோம்பேறித்தனமும் உள்ள பத்துப் பேரைக் கிளப்பி, ஞாயிறு நடைக் குழு என்று ஒன்றைத் தொடங்கிவிட்டார்.

அந்தப் பத்தில் முதல் நோயாளி நான். அப்போது என் தொப்பைக்குத் தனியாகச் சாலை வரி கட்ட வேண்டிய நிலை. முதல் நாள் முந்நூறு அடி நடந்துவிட்டு, இனி என்னைப் புதைத்துவிட்டுப் போங்கள் என்று சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். அக்கா என் முன்னால் வந்து நின்றார்.

"புதைக்கலாம் தம்பி. இந்த ஒடம்புக்குக் குழி தோண்ட ஆளு பத்தாது. எந்திரிங்க."

எழுந்தேன். ஆறு வருடம் நடந்தேன்.

அக்கா எப்போதும் வரிசையில் கடைசியாகத்தான் வருவார். முன்னால் போனால் பின்னால் யார் உட்கார்ந்தார்கள் என்று தெரியாதாம். நடப்பதில் உலகிலேயே மெதுவான மனிதன் நான் என்பதால், அவருக்கு முன்னால் என் முதுகு போகும். ஆறு வருடமும் அவர் அதிகம் பார்த்தது என் முதுகைத்தான்.

காட்டுக்குள் நுழைந்தால் அவரிடம் ஒரு சட்டம் உண்டு. யாரும் யாருடைய பெயரையும் சொல்லக் கூடாது. "ஓய்" என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட உடனே திரும்பவும் கூடாது. மூன்றாவது முறை கூப்பிட்டால்தான் திரும்ப வேண்டும், பதில் சொல்ல வேண்டும். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை எனும் தனித்தனி மரவரிசையில் பால் வெட்டிய பெண்களின் சட்டம் அது.

நான் சிரித்தேன். அப்போதுதான் அவருடைய பக்கத்து நிரைக்காரி கன்னியம்மாளைப் பற்றிச் சொன்னார். ஒரு விடியலில் யாரோ பெயர் சொல்லி அழைத்ததும் கன்னியம்மாள் "இந்தா வரேன்" என்றிருக்கிறார். மதியம்தான் கண்டுபிடித்தார்கள். செருப்பிரண்டையும் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு மரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாராம். அதன் பிறகு ஒரு மாதம் அவருக்குப் பேச்சே வரவில்லை.

"காட்டுல இருக்குற அதுக்கு ரெண்டு தடவதான் கூப்பிட முடியும்," என்றார் அக்கா, ரொட்டிக்கு மாவு பிசையும் முறையைச் சொல்வதுபோல.

இதைக் கேட்டபின் நான் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர் சுப்ரா சாரை இரண்டே முறை பெயர் சொல்லி அழைப்பேன். சார் ஒலிம்பிக் வீரர்போல் ஓடுவார். ஊரே சிரிக்கும். அக்கா மட்டும் சிரிக்க மாட்டார். இதில் விளையாட வேண்டாம் என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

நமக்குப் பனிக்காலம் ஏது? மார்கழியும் மழையும்தான். அந்தப் புதனுக்கு முந்தைய மார்கழி ஞாயிற்றில், கோயிலில் பாடல் முடிந்து பொங்கல் வாங்கிக்கொண்டு, ஆசஹான் பக்கம் நாங்கள் மொட்டப்பாறை என்று சொல்லும் குன்றுக்குப் போனோம். பதினோரு பேர். அதற்கு முந்தைய மூன்று நாள் பெய்த மழையில் மலாக்கா நீரிணையே மலையேறி வந்ததுபோல் இருந்தது. அன்று மட்டும் மழை விட்டிருந்தது. அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டோம்.

அடிவாரத்தில் முனியாண்டி சூலத்தின் முன் சூடம் ஏற்றுவது வழக்கம். சூடம் பிடிக்கவில்லை. அக்கா ஆறு தீக்குச்சி உரசினார். ஈரம் என்றார் சுப்ரா சார். அக்கா ஏழாவது குச்சியை எடுக்காமல் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "நடங்க" என்றார். அவர் குரலில் ஏதோ இருந்தது. திரும்பிப் போகலாமா என்று யாராவது கேட்டிருக்கலாம். எல்லாரும் காரை நிறுத்திவிட்டோம், பொங்கலும் தின்றுவிட்டோம்.

மேலே ஏறியபோது மேக மூட்டம் இறங்கியது. குரங்கு இல்லை. சில்வண்டுகூட இல்லை. காடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. உச்சிக்குப் போய் இறங்கும் வழியில், காலில் ஏறிய அட்டையைப் பிடுங்க அக்கா நின்றார். "போய்க்கிட்டே இருங்க, வந்துர்றேன்," என்றார். நான் நடந்தேன். வளைவு தாண்டினேன். எனக்கு முன்னால் போனவர்களும் மூட்டத்தில் கரைந்துவிட்டார்கள்.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"தனபாலு."

அக்காவின் குரல். ஆனால் அக்கா என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். காட்டில் பெயர் சொல்லவே மாட்டார். நின்றேன். திரும்பவில்லை.

"தனபாலு."

மூன்றாவது அழைப்புக்காகக் காத்திருந்தேன். இலையிலிருந்து சொட்டிய நீரை எண்ணிக்கொண்டு நின்றேன். அழைப்பு வரவில்லை. அவ்வளவு காலம் ஊரையே கேலி செய்த நான், என் வாழ்நாளில் நடக்காத வேகத்தில் நடந்தேன். திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஓடைக்கரையில் சுப்ரா சார் தலை எண்ணினார். பத்து. அக்கா எங்கே என்று என்னைக் கேட்டார். அட்டை பிடுங்குகிறார், வந்துவிடுவார் என்றேன். குரல் கேட்டதைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்களே என்று வெட்கம். திரும்பிப் போய்ப் பார்க்கப் பயம். என் பேச்சை நம்பிப் பத்துப் பேரும் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஓடை நீர் பாறைக்கு மேல் ஏறத் தொடங்கிய பிறகுதான் சார் எழுந்து மேலே போனார்.

வளைவுக்கு அந்தப் பக்கம், நான் நின்ற இடத்திலிருந்து ஒரு நூறு அடிகூட இருக்காது. அக்கா பாறையில் சாய்ந்து கிடந்தார். நெஞ்சைப் பிடித்திருந்த கை சில்லிட்டிருந்தது. மூச்சு மட்டும் இருந்தது. சட்டைகளையும் கம்புகளையும் கட்டி, அதில் அவரைத் தூக்கி, இடுப்பளவு நீரில் ஓடையைக் கடந்து சாலைக்குக் கொண்டுவந்தோம். மாரடைப்பு என்றார் மருத்துவர். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அக்காவுக்குப் பேச முடிந்தது. மருத்துவமனை அறையில் நாங்கள் இருவர் மட்டும். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு அழைப்பு, திரும்பாதது, ஓடைக்கரையில் சொன்ன பொய். பிறகு கேட்டேன், கூப்பிட்டது நீங்கள்தானா என்று.

அக்கா பார்வையைக் கூரைக்குத் திருப்பினார்.

"காட்டுல நான் யார் பேரயாவது சொல்வேனா தம்பி?"

என் கையைப் பிடித்தபடி தூங்கிப்போனார். மறுநாள்தான் மீன் கடையில் குமரனின் அழைப்பு வந்தது.

இன்றுவரை அதையே புரட்டிக்கொண்டிருக்கிறேன். மூச்சு முட்டிய நேரத்தில் அக்காதான் தன் சட்டத்தை மீறி அழைத்து, மூன்றாவதற்கு மூச்சில்லாமல் போனதா? என் பாரத்தைக் குறைக்கவே அப்படிச் சொன்னாரா? பொய்யே சொல்லாத மனுசி அவர். அப்படியென்றால் அவருடைய குரலில் என்னை அழைத்தது எது? எது உண்மையாக இருந்தாலும் எனக்குத் தூக்கமில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். அந்தக் கால் மணி நேரத்தை எந்தப் பேயும் எடுத்துக்கொள்ளவில்லை. நான்தான் எடுத்துக்கொண்டேன்.

இதைக் குமரனிடமும் அவர் தங்கை மலரிடமும் சொன்ன பிறகே எழுத உட்கார்ந்தேன். குமரன் எழுந்து வெளியே போய்விட்டார். மலர் மட்டும் உட்கார்ந்திருந்தார். "இதயும் எழுதுங்க மாமா. அம்மாவ நல்லவங்கன்னு சொல்ல நூறு பேரு இருக்காங்க."

எழுதிவிட்டேன், அக்கா. குழு இனி நடக்குமா தெரியாது. நடந்தால் கடைசியாக நான் வருகிறேன். பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும், எது கூப்பிட்டாலும், முதல் சத்தத்திலேயே திரும்புவேன். பார்த்துப் போங்க, அக்கா.