ஜன்னலுக்கு வெளியே வைத்த மருந்து

அன்றைக்கு அப்பாவுக்கு இருந்த வயதுதான் இப்போது எனக்கு. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டு மேட்டில் ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறேன். அலுப்பென்றால் அப்படியொரு அலுப்பு. நிற்கும்போதெல்லாம் அந்தத் தை மாதத்து நாள் நினைவுக்கு வந்துவிடுகிறது.

பத்து வயதில் நான் இரண்டாம் வகுப்புப் பிள்ளை உயரம்தான் இருந்தேன். உடம்பில் வளர்ச்சி ஹார்மோன் போதவில்லை என்று மதுரை டாக்டர் கண்டுபிடித்தார். எலும்பு முற்றுவதற்குள் வளர்ந்தால்தான் உண்டு, தினமும் ஊசி போட வேண்டும், மருந்தைக் குளிரிலேயே வைக்க வேண்டும் என்றார்.

"வயசானா எல்லாருக்கும் இது குறையும்மா. உனக்கு இப்பவே குறைவு, அவ்வளவுதான்" என்று என்னைத் தேற்றினார்.

"அப்ப எங்கப்பாவுக்கும் ஊசி போடுங்க."

அப்பா சிரித்துவிட்டார். "நான் வளந்து என்னாத்தா செய்யப்போறேன்? நீ வளரு."

கொடைக்கானலில் எங்கள் தெருவில் அப்போது யார் வீட்டிலும் பிரிட்ஜ் கிடையாது. ஊரே குளிர்ந்து கிடக்கும்போது அதற்கென்று ஒரு பெட்டி எதற்கு? அம்மா மருந்தை டப்பாவில் போட்டு ஜன்னலுக்கு வெளியே வைத்தாள். மார்கழி முடியும்வரை அந்தச் சாமர்த்தியம் பலித்தது. தையில் ஒரு காலை எழுந்து பார்த்தால் புல்லெல்லாம் உறைபனி, மருந்து கல்லாகியிருந்தது.

அம்மா அதை அடுப்போரம் வைத்து உருக்கினாள். "தண்ணியாயிருச்சுல்ல, ஒண்ணும் ஆகாதுங்க."

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. பூத்துக்குப் போய் டாக்டருக்குப் போன் போட்டார். உறைந்த மருந்து உதவாது, கொட்டிவிடுங்கள் என்றாராம். சந்தையில் முட்டைக்கோஸ் மூட்டை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்த மனுஷன், சட்டைகூட மாற்றாமல் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மதுரை பஸ்ஸுக்கு ஓடினார். "அழாத, வெரசா வந்துருவேன்" என்றது, மருந்து வீணாய்ப் போனதே என்று அழுத அம்மாவிடம்.

எனக்கோ கொண்டாட்டம். திரும்பி வரும் பஸ் வழியிலேயே நின்றுபோகட்டும், இன்றைக்கு ஊசி வேண்டாம் என்று சாமி கும்பிட்டேன். சாமி பாதி கேட்டது. ஊருக்குப் பத்து கிலோமீட்டர் கீழே, பெருமாள்மலையில் பஸ் நின்றுவிட்டது. பிளாஸ்க்கில் ஐஸ் உருகிவிடுமே என்று அப்பா அங்கிருந்து நடந்தே மலையேறி வந்தார்.

இருட்டும் நேரம் வாசற்படியில் உட்கார்ந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல், மடியில் பிளாஸ்க்கோடு அப்படியே தூங்கிப்போனார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் தலையும் என் தலையும் சரிக்குச் சரி இருந்தன.

"அம்மா, வெளிய வா! அப்பா உசரத்துக்கு வந்துட்டேன்!"

அம்மா வந்து பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் வளர்ந்ததற்கு இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.