முன்னால் மூடுவது

"அம்மா, 'புரொடெக்ட்' எண்டது லத்தீனிலை இருந்து வந்த சொல்லாம். முன்னாலை மூடுறது எண்டு கருத்தாம்," என்றாள் மகள், கைபேசியைப் பார்த்தபடி. வெளியே அண்ணை வேலி அடைத்துக்கொண்டிருந்தார். நான் காய் அரிந்துகொண்டிருந்த குசினிக்குள் பனையோலை வாசம் வந்தது. எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

இதே கரம்பொன் வளவில், இதே வேலியில் அன்றும் ஆள் நுழையும் பொட்டு ஒன்று இருந்தது. குனிந்து போனால் என் சிநேகிதியின் முற்றம். காயும் கருவாடு, வலைக் கிழிசல் பொத்தும் அவளுடைய அப்பா, அங்கால் கடல். நான் பெரியபிள்ளையான கிழமையே என் ஐயா அந்தப் பொட்டை ஓலை வைத்துக் கட்டினார். "உனக்குப் பாதுகாப்பு, பிள்ளை" என்றார். சிநேகிதி அந்தப்பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டுக் களைத்துப் போனாள். அண்ணை மட்டும் சைக்கிளில் சாட்டிக் கடலுக்குக் குளிக்கப் போனார். எந்த ஆபத்தை மறித்தார்களோ தெரியாது; எனக்குக் கடலை மறைத்தார்கள்.

கத்தியோடு வெளியே போனேன். மகள் போய்வரும் பொட்டில் அண்ணை ஓலையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அவளும் வளர்ந்திட்டாள். ஊர் பார்க்குமெல்லே" என்றார்.

கயிற்றை அறுத்தேன்.

"பார்க்கட்டும், அண்ணை. நாங்களும் ஊரைப் பார்க்க வேணும்."