சோளக்காட்டில் நின்ற யானை

யானை என்றுதான் முதலில் நம்பினேன். தொண்டாமுத்தூர் மலையடிவாரத்தில் எங்கள் சோளக்காடு. இரவெல்லாம் கொட்டிய மழை ஓய்ந்த விடியலில், சாய்ந்து கிடந்த பயிருக்கு நடுவே ஒரு கறுத்த முதுகு தெரிந்தது. தொப்பையைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தில் ஏறி, மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டிக் கத்தினேன். யானை அசையவில்லை, என் வேட்டிதான் அவிழ்ந்தது.

சத்தம் கேட்டு வந்த என் மனைவி நேரே போய் அதன்மேல் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, எறங்கி வாங்க. உங்க ஆனை ரொம்பச் சாதுங்க."

கிட்டப் போய்ப் பார்த்தேன். சிரிக்கத் தெம்பில்லாமல் நானும் உட்கார்ந்தேன்.

"சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போடச் சொன்னனுங்களே?"

"ஆனைக்குக் காவலிருந்தே வருசம் போச்சு அம்மணி."

யானை வந்திருந்தால் நட்டம் பயிரோடு போயிருக்கும். மழை எங்கள் மேல்மண்ணை அரித்துப்போய்ப் பக்கத்துக்காரர் பள்ளக்காட்டில் படியவிட்டிருந்தது. அடியில் கிடந்த பாறைதான் என் யானையாக வெளியே தெரிந்தது.