கட்டிலில் கிடந்த பூசணிக்காய்கள்

பூசணிக்காய் முற்றிவிட்டதா என்று பார்க்க நகம் போதும். தோலில் ஊன்றி அழுத்த வேண்டும். நகம் இறங்கினால் காய் இன்னும் பிஞ்சு. வழுக்கினால் முற்றிவிட்டது. காம்பையும் பார்க்க வேண்டும். பச்சைக் காம்பு என்றால் காய் இன்னும் கொடியிலிருந்து குடித்துக்கொண்டிருக்கிறது. அது காய்ந்து, வெடித்து, வைக்கோல் நிறத்துக்கு வந்த பிறகுதான் கத்தி வைக்கலாம். அப்படி எடுத்துச் சில நாள் வெயிலில் போட்ட காய் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும்.

வவுனியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூலிக்கு நின்றபோது இதை அறிந்தேன். யாரும் இருத்திவைத்துச் சொல்லித்தரவில்லை. பிஞ்சை இறக்கியதற்கு ஏச்சு வாங்கினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குப் படிப்பெல்லாம் ஏச்சாகத்தான் வந்தது. பிறகு புத்தளத்தில் உப்பு அள்ளினேன், நீர்கொழும்பில் மீன்பெட்டி தூக்கினேன், கடைசியில் கொட்டாஞ்சேனைக்கு வந்து துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் மூட்டை இறக்கினேன். அதுவரை எந்த இடத்திலும் இரண்டு மழைக்கு மேல் நின்றதில்லை. கலியாணம் கட்டிய பிறகுதான் நின்றேன்.

கிட்டங்கிச் சுவருக்குப் பின்னால் வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் ஒன்று எங்களுடையது. கொழும்பில் அப்படிப்பட்ட இடத்தைத் தோட்டம் என்பார்கள். செடியென்று ஒன்றும் இருக்காது. எல்லாருக்கும் ஒரு பைப், ஒரு கழிவுநீர்க் கான், தலைக்கு மேல் ஒட்டி ஒட்டித் தகரம்.

காஸும் பெற்றோலும் இல்லாமல் போன வருடம் அது. கப்பல் குறைந்தது, கிட்டங்கியைப் பூட்டினார்கள். மனைவி தைக்கப் போன கடையும் பூட்டுப்பட்டது. அவள் சந்தையில் வாங்கிய ஒரு கீற்றுப் பூசணியின் விதைகளைக் கான் ஓரத்தில் எறிந்திருந்தாள். குளித்த தண்ணீரில் அது முளைத்தது. நான் கயிறு கட்டி விட்டேன். கொடி எங்கள் கூரைக்கு ஏறி, அங்கே கிட்டங்கிச் சுவரின் நிழல் பிடிக்காமல், வெயில் விழுகிற பக்கத்து வீட்டுக் கூரைக்குப் போய்ப் படர்ந்தது. அங்கேதான் காய்த்தது. எங்கள் தகரத்தில் ஒரே ஒரு காய், முதலில் பிடித்தது.

அந்த நாட்களில் ஏஜென்சிக்காரர் ஒருவர் எங்கள் பகுதிக்கு வந்துபோவார். குவைத்தில் வீட்டு வேலை. மனைவியின் பாஸ்போட் ஏற்கெனவே தயார். வருகிறேன் என்று அவள் சொல்வதுதான் பாக்கி.

"கொஞ்சம் பொறும்," என்றேன். "காய் முத்தட்டும். பாதிச் சாப்பாடு அதிலை போகும். தை பிறக்க கிட்டங்கி திறப்பினம்."

"பூசணிக்காயை நம்பியோ என்னை நிக்கச் சொல்லுறீங்கள்?"

"வேறை எதை நம்ப?"

சிரித்தாள். அந்த வருடத்தில் அவள் சிரித்தது எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு தடவைதான். "சரி. உங்கட காய் முடியுமட்டும் நிக்கிறன். முடிஞ்சால் நான் போவன். பிறகு ஒண்டும் கதைக்கக் கூடாது."

காலையில் ஏணி வைத்து ஏறி ஒவ்வொரு காயையும் நகத்தால் தொட்டுப் பார்ப்பது எனக்கு வேலையாகிவிட்டது. வேறு வேலையும் இல்லை. பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிறவர், கீழே நின்று கேட்பார்.

"தம்பி, காய்க்கு இன்னக்கி காய்ச்சல் எப்பிடி? ஒவ்வொரு நாளும் நாடி புடிக்கிறீங்களே!"

"இன்னும் குறையேல்லை, ராத்தா."

"எங்கட மனுஷனயும் ஒருக்கா பாத்துட்டு போங்க, டாக்டர்."

அவருடைய கணவர் பாரிசவாதம் வந்து படுத்த படுக்கை. அவருடைய கட்டிலுக்கு நேர் மேலேதான் காய்கள் கிடந்தன. அது எனக்குத் தெரியும். தகரம் தாங்கும் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழை அந்த முறை விடாமல் பெய்தது. காய்களின் பாரத்தில் தகரம் நடுவில் குழிந்து, தண்ணீர் தேங்கி, ஆணித் துவாரத்தால் இறங்கியது. ராத்தா முக்காட்டை இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அன்று பகிடி இல்லை.

"கோவிக்க வாணாம் தம்பி. அவருக்கு மேல ஒழுகுது. பாய மாத்தி மாத்தி ஏலாம போச்சு. காய எறக்குங்க."

"ராத்தா, இன்னும் பத்து நாள் விட்டால் முத்திடும். இப்ப எடுத்தால் பழுதாப் போகும்."

அவர் சண்டை பிடிக்கவில்லை. "உள்ளுக்கு வந்து பாருங்க," என்று மட்டும் சொன்னார்.

போய்ப் பார்த்தேன். மனிதரின் நெஞ்சுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பேசின். அதில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அது சரியாமல் இருக்க, அசையக்கூடிய ஒரு கையால் அவரே அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாயைக் கோணி ஏதோ சொன்னார். என்ன என்று ராத்தாவைப் பார்த்தேன்.

"காய் நல்லா ஈக்கா எண்டு கேக்கிறாரு."

ஏணியை எடுத்தேன். மழைக்குள் எல்லாவற்றையும் இறக்கினேன். நகம் வெண்ணெயில் போவது போல இறங்கியது. காம்புகள் பச்சை, வெட்டின இடத்தில் நீர் துளிர்த்தது. கொடியையும் அறுக்கத்தான் வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் தகரத்தை நிமிர்த்த முடியாது. எங்கள் கூரையில் கிடந்த காய் மட்டும் காம்பு காய்ந்திருந்தது.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன். காயைக் காம்பில் பிடித்துத் தூக்கவில்லை. கழுவவில்லை, உலர்ந்த துணியால் துடைத்தேன். சீமெந்துத் தரை ஈரம் இழுக்கும், அதில் வைக்கக்கூடாது. எங்களிடம் இருந்த ஒரே பலகை கட்டில்தான். அதன்மேல் சாக்கை விரித்து, ஒன்றோடொன்று முட்டாமல் காய்களை அடுக்கினேன். நாங்கள் கீழே பாயில் படுத்தோம்.

"காய்க்குக் கட்டில், எங்களுக்கு நிலம்," என்றாள். "மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி வந்து படுத்திருக்கினம்."

வேண்டியது வெயில். அது மட்டும் வரவில்லை. மழை விட்ட நேரங்களிலும் எங்கள் அறைக்கு முன்னால் கிட்டங்கிச் சுவர்தான் நின்றது.

முதல் காய் காம்படியில் கசிந்தது. விரல் வைத்தேன், உள்ளே போயிற்று. கெட்டதை வெட்டி எறிந்து மிச்சத்தைச் சமைத்தோம். தண்ணீர்ச் சுவை. விதைகள் வெள்ளையாக, தட்டையாக, உள்ளே பருப்பில்லாமல் இருந்தன. அடுத்தது. பிறகு ஒரே நாளில் இரண்டு. அழுகுவதற்குள் தின்றுவிட வேண்டும் என்று காலையும் மாலையும் பூசணி. ராத்தா வீட்டுக்கும் கொடுத்தோம். அறை முழுக்கப் புளித்த மணம், உடுப்பிலும் ஏறிவிட்டது. மனைவி காலையில் எழுந்ததும் ஒவ்வொரு காயாகக் குனிந்து மணந்து பார்ப்பாள். நான் பாயில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன். அவள் நின்றுபோகும் இடத்தில் ஒன்று பழுதாகியிருக்கும்.

மார்கழி வருவதற்கு முன்பே அவள் பெட்டியைத் திறந்து பாஸ்போட்டை எடுத்து மேலே வைத்தாள்.

"இன்னும் ஒண்டு கிடக்கு," என்றேன். எங்கள் கூரைக் காய்.

"ஒண்டாலை என்ன செய்யிறது?"

பேசக்கூடாது என்றுதான் ஒப்பந்தம்.

"நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை," என்றாள். ஏசியிருந்தால் எனக்குப் பழகிய விஷயம். இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மருத்துவச் சோதனை முடிந்தது, வேன் வந்தது, போனாள். ஊர் ஊராகப் போகிறவன் நான். ஓரிடத்தில் இருக்க விரும்பியவள் அவள்.

ராத்தாவின் கணவர் மார்கழியில் காலமானார். தகரம் ஒழுகாத அறையில்தான் போனார். கிட்டங்கியைத் தையில் திறக்கவில்லை. மாசியிலும் திறக்கவில்லை. பிறகு திறந்தபோது பாதிப் பேரைத்தான் எடுத்தார்கள், நான் அந்தப் பாதியில் இருந்தேன்.

அந்த ஒரு காய் கட்டிலிலேயே கிடந்தது. அவள் போன பிறகும் நான் கீழேதான் படுத்தேன். தோல் மங்கி, கல் மாதிரி ஆகிவிட்டது. அவள் தொலைபேசியில் கதைக்கும்போது கேட்பாள்.

"அது இன்னும் கிடக்கோ?"

"கிடக்கு."

"வெட்டிச் சாப்பிடுங்கோவன். என்னத்துக்கு வைச்சுக் கொண்டிருக்கிறீங்கள்?"

"ஓம்."

இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்ததும் வருவாள் என்று இருந்தேன். குவைத் வீட்டுக்காரர் இன்னும் இரண்டு வருடம் கேட்கிறார்கள் என்றும், தான் சம்மதித்துவிட்டதாகவும் அவள் சொன்னபோது முதல் வருடமே முடியவில்லை. சரி என்றேன். போனை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தேன்.

உள்ளே கடும் மஞ்சள். விதைகள் தடித்து நிறைந்திருந்தன. வவுனியாவில்கூட அப்படி ஒரு காயை நான் கண்டதில்லை. ஒரு பங்கு ராத்தாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். மிச்சம் ஒரு மனிதனுக்கு மிக அதிகம். முழுக்காய்தான் நிற்கும், வெட்டின காய் நிற்காது. என்னிடம் பிரிட்ஜ் இல்லை. முடிந்தவரை சாப்பிட்டேன், பிறகு அது கொழகொழத்தது. விதையோடு சேர்த்துக் கானுக்குள் கொட்டி, ஓடிப் போகும்வரை தண்ணீர் ஊற்றினேன்.