நடுத்தாள்

ஆம்பூரில் அப்போது கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தேன். போட்டோவை ஸ்கேன் செய்து, துணியில் கிராஸ் ஸ்டிட்ச் பூத்தையல் போடுவதற்கான கட்டங்களாக மாற்றி அச்சடித்துக் கொடுப்பேன். ஷூ கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, மாதனூர்ப் பெண் ஒருவர் குடும்பப் படத்தோடு வந்தார். கையில் எந்தத் தாள் கிடைத்தாலும், தோல் மடிப்பை அழுத்துவதுபோல அதன் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் நீவிக்கொண்டே பேசுவார்.

படம் மூன்று தாள்களாக வந்தது. "நடுத்தாள்ல ஆரம்பிங்கம்மா, அப்பதான் ரெண்டு பக்கமும் துணி பத்தும்" என்றேன்.

"நடுவுல எங்க வீட்டுக்காரரு இருக்காரு சார். கோச்சிக்கினு போய்ட்டாரு. மொதல்ல பொண்ணையும் என்னையும் போட்றேன். அதுக்குள்ள வந்துடுவாரு."

நடுத்தாளை என் மேசையிலேயே விட்டுப் போனார்.

மழைக்காலம் முடிந்ததும் வந்து துணியை விரித்தார். ஒரு பக்கம் மகள், மறுபக்கம் அவர். நடுவில் வெறும் துணி.

"அவரு எடத்துல, போட்டோல பின்னாடி தொங்குற நீல ஸ்கிரீனையே போட்டுக் குடுங்க சார்."

கம்ப்யூட்டரில் ஆளை அழிப்பது சுலபம். ஆனால் மகளின் தோளில் கணவர் வைத்திருந்த கை, மகள் இருந்த ஓரத்தாளில் வந்திருந்தது. அதைத் தைத்து முடித்திருந்தார்.

"இதப் பிரிச்சிடுவீங்களா?" என்றேன்.

துணியின் ஓரத்தை நகத்தால் நீவினார்.

"கை இருந்துட்டுப் போவட்டும் சார். பொண்ணு டெய்லி அதத் தொட்டுப் பாக்குது."

நீலத்தில் நிரப்பிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் அது யார் கை என்று கேட்டபோது என்ன சொல்லியிருப்பாரோ, தெரியவில்லை.